எபொக்சித் தகடு உள்ளே வெள்ளையாக இருக்கிறது, இழுவிசையும் பாதிதான் வருகிறது. அவசரம்

வெள்ளைத்தகடு (செவ்வாய், இரவு 9.40)
வணக்கம். முதுமாணி ஆய்வுக்கு, இழை மேட்டும் ரெசினும் சேர்ந்த கொம்பசிட் தகடு போடுகிறேன். ஆறு மேட், கையால் ரெசின் தடவி ரோலர் போட்டது, அப்புறம் மேலே பொலித்தீன் விரித்துக் கல் வைத்தது. காய்ந்த பிறகு பார்த்தால் உள்ளே இழை இழையாக வெள்ளை, தெளியவே இல்லை. ஐந்து துண்டு வெட்டி இழுத்ததில் சராசரி 48 மெகாபாஸ்கல், மொடியூலஸ் (விறைப்பு) 4.1 கிகாபாஸ்கல். சுப்பர்வைசர் 90க்குக் கிட்ட எதிர்பார்க்கிறார். இது மூன்றாவது தகடு, மூன்றும் ஒரே மாதிரி. அடுத்த வெள்ளி இயந்திரத்துக்கு நேரம் கிடைத்திருக்கிறது, திருமலையில் இருந்து கண்டிக்கு விடியவே பஸ் எடுக்க வேண்டும், இந்த முறையும் வெறுங்கையோடு திரும்ப முடியாது. எங்கே பிழை? கெதியாகச் சொல்லுங்கள்.

ஹாபர்_வியூ
என்ன ரெசின்? என்ன மேட், எத்தனை கிராம்? ரெசினை இறுக்குகிற ஹாடனரின் விகிதம் நிறையிலா கனவளவிலா? தகடு எத்தனை மில்லிமீற்றர்? துண்டுகள் நடுவில் உடைந்தனவா, பிடியிலா? "மேட், ரெசின்" என்று மட்டும் எழுதினால் "பாய், பசை" என்று எழுதின மாதிரித்தான்.

வாடைக்காற்று
திருமலை என்று வாசித்ததும் எனக்கு விடை தெரிந்துவிட்டது. ஈரம். மழை தொடங்கிவிட்டது, காற்றில் தண்ணீர் தொங்குகிறது, அமீன் ஹாடனர் அந்த ஈரத்தையும் கரியமில வாயுவையும் பிடித்து மேலே எண்ணெய்ப்பசை மாதிரி ஒரு படலம் போடும். நான் நிலாவெளியில் ஒரு மேசைக்கு எபொக்சி ஊற்றி, மார்கழியில், மூன்று நாள் கையில் ஒட்டிக்கொண்டே இருந்தது. கடைசியில் இளஞ்சூட்டுத் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சைப் பஞ்சும் போட்டுக் கழுவித்தான் போனது. ஏசி அறையில் போடுங்கள் தம்பி, வேறொன்றும் வேண்டாம்.

ஹாபர்_வியூ
அந்தப் படலம் மேற்பரப்பில் வருவது. இவர் உள்ளே வெள்ளை என்கிறாரே?

வாடைக்காற்று
அடுக்குக்கு அடுக்கு நேரம் விட்டுப் போட்டால் உள்ளேயும் வரும்.

பொறிமுறை_ஆசான்
இப்படி ஒரு கேள்வி மாதத்துக்கு ஒன்று வருகிறது. முதுமாணி மட்டத்தில் படிப்பவர் முதலில் ஒரு தாளை எடுத்து, என்ன வர வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். இழை எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்கும் மேட்டுக்கு, இழைத் திசையைக் கணக்கில் எடுக்கும் கிரென்செல் காரணி 3/8. கண்ணாடி இழைக்கு 72 கிகாபாஸ்கல், எபொக்சிக்கு 3 என்று வைத்துக்கொள்ளுங்கள், இழையின் கனவளவுப் பங்கு தெரிந்தால் மொடியூலஸ் இரண்டு வரிக் கணக்கு. அந்தப் பங்கு உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். அடுத்தது, 4.1 என்ற எண்ணை எதால் அளந்தீர்கள்? துண்டின் நீட்சியை நேரடியாக அளக்கும் எக்ஸ்டென்சோமீற்றர் மாட்டினீர்களா, இயந்திரத்தின் தலை நகர்ந்த தூரத்தை எடுத்தீர்களா? பின்னதென்றால் துண்டோடு சேர்த்து இயந்திரத்தின் நெகிழ்வையும் பிடி வழுக்கியதையும் அளந்திருக்கிறீர்கள். இழுவிசைச் சோதனைக்கான ஏஎஸ்டிஎம் டி3039 நியமத்தை ஒரு தடவையாவது முழுதாக வாசியுங்கள்.

ஓடாவி_மகன்
தம்பி பயப்படாதீர்கள். வள்ளம் கட்டுகிற எங்கள் வாடியில் மழைக்காலத்தில் இப்படிக் காய்வது இழுபட்டால் ஹாடனரைக் கொஞ்சம் கூட்டுவோம். ஒரு மூடி கூடப் போட்டால் சரியாகிவிடும்.

ஜெல்_டைம்
வேண்டாம்!! தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வாடியில் ஹாடனர் என்று சொல்வது எம்இகேபி என்ற பெரொக்சைட், பொலியெஸ்டர் ரெசினுக்குப் போடுவது. அது தீக்குச்சி மாதிரி, வேலையைத் தொடக்கி வைக்கும், அதனால் 1 வீதமோ 2 வீதமோ என்று வெயிலைப் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். எபொக்சியின் ஹாடனர் அப்படி இல்லை, அது ரெசினோடு ஆளுக்கு ஆள் கைகோர்த்துத் தானும் தகட்டின் பகுதியாகிவிடும். கூட்டினால் கை கோர்க்க ஆள் இல்லாத அமீன் உள்ளேயே மிஞ்சும், தகடு மெத்தென்று வரும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தது யாரோ, எத்தனை பேரைக் குழப்பியிருக்கிறது.

எம்இகேபி பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. அதையும் காய்வதை வேகப்படுத்தப் போடும் கோபால்ட்டையும் நேரடியாக ஒரே கோப்பையில் ஊற்றாதீர்கள், வெடித்துத் தீப்பிடிக்கும். முதலில் ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்துவிட்டுத்தான் மற்றது.

ஓடாவி_மகன்
அது தெரியும் அக்கா, அப்பாவின் காலத்தில் ஒரு பொடியன் கையைச் சுட்டுக்கொண்டவன். எபொக்சி என்று அவர் சொல்லவில்லையே.

ஹாபர்_வியூ
தலைப்பில் இருக்கிறது.

ஓடாவி_மகன்
தலைப்பை யார் வாசிக்கிறது. எப்படியும் ஒன்று சொல்கிறேன், வருடம் முழுக்க வள்ளம் இறக்குகிறோம், கிரென்செலைத் தெரிந்த ஒருவரும் எங்கள் வாடியில் இல்லை, ஒன்றும் தாழவில்லை.

பொறிமுறை_ஆசான்
தாழாததற்குக் காரணம் தடிப்பு. தேவையை விட இரண்டு மடங்கு ரெசினை ஊற்றிவிட்டு, நிறையை இழுக்கப் பெரிய எஞ்சின் பூட்டி, எண்ணெய்ச் செலவை மீனவர் தலையில் கட்டுகிறீர்கள். கணக்குத் தெரிந்திருந்தால் மிஞ்சியிருக்கும்.

ஓடாவி_மகன்
உள்துறைமுகத்துக்குள் அலையே இல்லாமல் நிற்கிற வள்ளத்தை மனதில் வைத்துக் கதைக்கிறீர்கள். வாடையில் கொட்டியாரக் குடா வாய்க்கு வெளியே வந்து பாருங்கள், அப்போது தடிப்பு கூடவா குறையவா என்று நீங்களே சொல்வீர்கள். ஐந்து ரூபாய்க் குற்றியால் தட்டி, சத்தத்தை வைத்தே எந்த இடம் விட்டிருக்கிறது என்று என் அப்பா சொல்வார். அதற்கு இயந்திரம் வேண்டாம்.

ஜெல்_டைம்
விமானத்தின் கொம்பசிட் பாகங்களையும் இன்னும் தட்டிப் பார்ப்பதுண்டு, ஆசான் அதையும் சொல்லியிருக்கலாம். சரி, கேட்டவர் எங்கே போனார்?

வெள்ளைத்தகடு (புதன், மாலை 6.15)
மன்னிக்கவும், பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. நான் தம்பி இல்லை, தங்கச்சி. விபரம்: எபொக்சி லாப்பில் தந்தது, விகிதம் நிறையில் 100க்கு 50, சமையல் தராசில் நிறுத்தேன். மேட் சதுர மீற்றருக்கு 450 கிராம், சாம்பல்தீவில் மாமாவின் வாடியில் வள்ளத்துக்கு வைத்திருந்த சுருள், அங்கே வைத்துத்தான் போட்டேன். ஆறு அடுக்கும் ஒரே மூச்சில். ஓரம் வெட்டின பிறகு 30க்கு 30 சதமமீற்றர், 690 கிராம், தடிப்பு 5.9. ஐந்தில் மூன்று பிடிக்குப் பக்கத்தில் உடைந்தது. எக்ஸ்டென்சோமீற்றர் மாட்டவில்லை ஐயா, நீங்கள் சொன்னது சரி. ஆய்வுத் தலைப்பு, கடல் நீரில் ஊறினால் வலிமை எவ்வளவு குறைகிறது என்பது, டச்சுக் குடாவில் இருந்து ஏற்கெனவே இரண்டு கலன் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டேன்.

ஜெல்_டைம்
இதை முதலிலேயே எழுதியிருந்தால் வள்ளச் சண்டையே வந்திராது தங்கச்சி.

முதலில் கணக்கு. கண்ணாடி 6 × 450 × 0.09 = 243 கிராம். அதை அடர்த்தி 2.56ஆல் பிரித்தால் 95 கன சதமமீற்றர். மிச்சம் 447 கிராம் ரெசின், 1.15ஆல் பிரித்தால் 389. இரண்டும் சேர்த்து 484. ஆனால் உன் தகட்டின் கனவளவு 900 × 0.59 = 531. அந்த 47 யார்? காற்று. கிட்டத்தட்ட 9 வீதம். நல்ல தகட்டில் ஓரிரண்டு வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

காற்று ஏன் வந்தது என்பதற்கு விடை "மாமாவின் வாடி" என்ற சொல்லில் இருக்கிறது. வள்ளத்து மேட்டில் துண்டு இழைகளை ஒன்றாகப் பிடித்து வைக்க ஒரு பைண்டர் தெளித்திருப்பார்கள். பொலியெஸ்டரில் ஸ்டைரீன் என்ற திரவம் இருக்கிறது, அது அந்தப் பைண்டரைக் கரைக்கும், மேட் தளர்ந்து சோறு குழைந்த மாதிரிப் படியும். எபொக்சியில் ஸ்டைரீன் இல்லை. அதனால் மேட் விறைத்தபடியே நிற்கும், ரோலரால் அமுக்கும்போது படுக்கும், எடுத்ததும் ஸ்பிரிங் மாதிரி எழும்பிக் காற்றை உறிஞ்சும். இழைக் கற்றைக்குள் ரெசின் போகாது, வெள்ளையாகத் தெரிவது அந்தக் கற்றைதான். மேலே பொலித்தீனும் கல்லும் வைத்ததில் இருந்த காற்றும் வெளியேற வழியில்லை. பவுடர் பைண்டர் போட்ட மேட் என்றால் எபொக்சியோடு ஓரளவு சமாளிக்கும், இமல்ஷன் வகை என்றால் இப்படித்தான்.

நம்ப வேண்டாம், செய்து பார். இரண்டு யோகட் கப், ஒன்றில் மாமாவின் ரெசின், மற்றதில் உன் எபொக்சி, இரண்டிலும் ஹாடனர் வேண்டாம். தீப்பெட்டி அளவு மேட் ஒவ்வொன்றிலும் போட்டு, பத்து நிமிடம் கழித்துக் குச்சியால் தூக்கு.

வாடைக்காற்று
வாடியில் திறந்து கிடந்த சுருளில் ஈரம் ஏறியிருக்காதா? அதையும் சொல்லுங்கள்.

ஜெல்_டைம்
ஏறியிருக்கும், உலர்த்திப் பாவிப்பது நல்லது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஈரம் மட்டும் 9 வீதம் காற்றைக் கொண்டுவராது.

பொறிமுறை_ஆசான்
விளக்கம் சரி. நான் கேட்ட பங்கு 95/531, அதாவது 18 வீதம், கிரென்செல் போட்டால் 7.3 வருகிறது. 4.1க்கும் 7.3க்கும் இடையில் கொஞ்சம் காற்று, மிச்சம் அளந்த முறையாக இருக்கலாம். தவிர, 9 வீத வெற்றிடத்தோடு கடல் நீரில் ஊறவைத்தால் தண்ணீர் அந்த ஓட்டைகளை நிரப்பும், நீங்கள் எபொக்சி தண்ணீர் குடித்தது என்று எழுதுவீர்கள்.

வெள்ளைத்தகடு (வியாழன், இரவு 8.05)
செய்தேன். மாமாவின் கப்பில் தூக்கும்போதே இழை இழையாகப் பிரிந்து குச்சியில் தொங்கியது, மயிர்க்கொத்து மாதிரி. எபொக்சிக் கப்பில் போட்ட சதுரம் சதுரமாகவே வந்தது, முனை கூடக் கலையவில்லை. மாமாவும் வந்து பார்த்து "இவ்வளவு காலம் எனக்கே தெரியாது" என்றார். இப்போது என்ன செய்வது?

ஜெல்_டைம்
பைண்டர் இல்லாத துணி எடு. வோவன் ரோவிங், அதாவது நெய்த இழைத் துணி, வாடியிலேயே இருக்கும், சுருளின் லேபலில் எபொக்சிக்கும் பொருந்தும் என்று போட்டிருக்கிறதா பார். பீல் பிளையும் (காய்ந்த பிறகு உரித்தெடுக்கும் துணி) மிஞ்சின ரெசினை உறிஞ்சத் துணியும் வைத்துப் பிறகு பாரம் ஏற்று. அறை வெப்பத்தில் ஒரு நாள் விட்டு, அப்புறம் 60 பாகையில் சில மணித்தியாலம், பிளைவுட் பெட்டியும் இரண்டு குண்டு பல்ப்பும் போதும், வெப்பமானி வைத்துப் பக்கத்திலேயே இரு. ஒரு மூலையை வெட்டி வைத்துக்கொள், லாப்பில் உலை இருந்தால் 565 பாகையில் ரெசினை எரித்து மிஞ்சுகிற கண்ணாடியை நிறுத்துப் பார்க்கலாம்.

ஓடாவி_மகன்
ரோவிங் வெட்டும்போது ஓரத்துக்கு டேப் ஒட்டி வெட்டுங்கள் தங்கச்சி, இல்லாவிட்டால் பிரிந்து போகும்.

வெள்ளைத்தகடு (அடுத்த வெள்ளி, மாலை 4.50)
பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். தகடு தெளிந்து வந்தது, கீழே பேப்பர் வைத்தால் எழுத்து வாசிக்கலாம். சராசரி 212, ஒரு துண்டு மட்டும் பிடியில். எக்ஸ்டென்சோமீற்றர் மாட்டினோம், மிச்சம் வீட்டுக்குப் போய் எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி, டேப் சொன்ன அண்ணாவுக்கும்.

பொறிமுறை_ஆசான்
212ஐ 90ஓடு ஒப்பிட வேண்டாம். நெய்த துணியும் மேட்டும் வேறு வேறு பொருள். சுப்பர்வைசரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். மொடியூலஸ் எவ்வளவு?

ஹாபர்_வியூ (இரண்டு கிழமைக்குப் பிறகு)
தங்கச்சி, மொடியூலஸ்?

வாடைக்காற்று
அந்தத் தகடு போட்ட அன்றைக்கு மழை இல்லை, நான் பார்த்தேன்.