கடலூருக்குப் பணம் அனுப்ப எந்த கோட் போட வேண்டும்?

தம்பி, பாரிஸ் வங்கி பிக் (BIC) என்ற கோடைக் கேட்கிறது, மஞ்சக்குப்பத்தில் அம்மாவின் பாஸ்புக்கில் ஐஎஃப்எஸ்சி மட்டும்தான் இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். பிக் கேட்கும் இடத்தில் ஐஎஃப்எஸ்சியைப் போட்டுவிடாதீர்கள். ஐஎஃப்எஸ்சி இந்தியாவுக்குள் பணம் போக. வெளிநாட்டிலிருந்து வர ஸ்விஃப்ட் கோட். அதைத்தான் அங்கே பிக் என்கிறார்கள்.

குழப்பம் வருவது நியாயம்தான், ஐஎஃப்எஸ்சி 11 இடம், ஸ்விஃப்ட் 8 அல்லது 11 இடம். அடையாளம் ஐந்தாவது இடத்தில் இருக்கிறது. ஐஎஃப்எஸ்சியில் அங்கே எப்போதும் பூஜ்யம் (ஓ எழுத்து இல்லை, பலர் தவறுவது இங்கேதான்). இந்திய வங்கியின் ஸ்விஃப்ட் கோடில் அந்த இடத்தில் நாட்டைக் குறிக்கும் ஐ, என் என்ற இரண்டு எழுத்துகள் வரும்.

எல்லாக் கிளைக்கும் தனி ஸ்விஃப்ட் கோட் கிடையாது. அம்மாவின் கிளைக்கு இல்லையென்றால் எந்தக் கிளையின் கோடைப் போடுவது என்று அந்தக் கிளையிலேயே கேளுங்கள். புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்குப் போனவர்கள் நிறையப் பேர், அதனால் இந்தப் பக்கத்து வங்கிகளுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. எழுதி வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

அப்புறம் ஐபான், அதாவது ஐரோப்பாவில் கேட்கும் சர்வதேசக் கணக்கு எண். இந்தியாவில் ஐபான் கிடையாது, அம்மாவின் கணக்கு எண்ணை முன்னால் வரும் பூஜ்யங்களோடு முழுதாகப் போடுங்கள். பெயர் பாஸ்புக்கில் இருப்பதுபோலவே இருக்கட்டும், இனிஷியலை விரித்து எழுத வேண்டாம்.

பாஸ்புக் பழசா? 2020இல் ஆந்திரா வங்கி யூனியன் வங்கியோடும், லட்சுமி விலாஸ் வங்கி டிபிஎஸ் இந்தியாவோடும் சேர்ந்துவிட்டன. அப்படிச் சேர்ந்த வங்கி என்றால் அதில் அச்சிட்ட கோடை நம்பாதீர்கள், புதியதைக் கேட்டு வாங்குங்கள்.

வங்கி வழியாக இல்லாமல் பணம் அனுப்பும் ஆப் மூலம் என்றால் பெரும்பாலும் ஐஎஃப்எஸ்சியையே கேட்கும், ஏனென்றால் அவர்கள் இந்தியாவுக்குள்ளிருந்து அம்மாவுக்குப் போடுகிறார்கள். சிறு தொகைக்கு இதுதான் என் கட்சி. ஸ்விஃப்டில் போனால் இடையிலுள்ள வங்கி கமிஷன் பிடித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு, மாத்திரைக்கென்று நீங்கள் அனுப்பும் பணம் அம்மா கையில் குறைந்து போய்ச் சேரக்கூடாது. அப்படியும் ஸ்விஃப்டில்தான் அனுப்புவதென்றால், செலவு முழுவதும் அனுப்புபவருக்கு என்ற வசதி உங்கள் வங்கியில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

உங்கள் பெயரில் இங்கே பழைய சேமிப்புக் கணக்கு இருந்தால் அதை என்ஆர்ஓவாக (வெளிநாட்டில் வசிப்பவர்கள் இங்கே வைத்துக்கொள்ளும் ரூபாய்க் கணக்கு) மாற்றச் சொல்லுங்கள். தள்ளிப்போடாதீர்கள். முதல் முறை சிறு தொகை அனுப்பி, அம்மா கணக்கில் ஏறியதைப் பார்த்துவிட்டு மீதியை அனுப்புங்கள்.