மூளைக்கட்டி ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம்: உங்க வீட்ல எப்படி இருந்தது?

நங்கநல்லூர்க்காரி:
எங்க வீட்டுக்காரருக்கு இடது டெம்போரல்ல, அதாவது மூளையில காது பக்கம் பேச்சுக்கு உதவுற இடத்துல, கட்டி. சித்திரையில ஆபரேஷன். பயாப்சி ரிசல்ட்டுக்குக் காத்துக் கிடந்த கதையெல்லாம் இங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், விடுறேன். ஒரு காலை மட்டும் மறக்க மாட்டேங்குது.

வீட்டுக்கு வந்து மூணாம் நாள். தம்ளர்ல காபியைக் குடுத்தேன். வாங்கிட்டு, "அது... அதைக் குடு... ஊத்தி ஊத்தி..."ன்னார். விரல் காத்துல வட்டம் போடுது. நாக்கு "ட"வுக்குப் போய்ப் போய்த் திரும்புது. நான் சட்டுனு "டபராவா?"ன்னேன். அவ்வளவுதான். தம்ளரைக் கீழ வெச்சிட்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துட்டார். காபி ஏடு கட்டிப் போச்சு. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்துல பாடம் நடத்தின மனுஷன். உதவின்னு நினைச்சுதான் சொன்னேன், அவர் வாயிலேர்ந்து பிடுங்கிக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு.

மயிலாப்பூர் பையன்:
அம்மாவுக்கு மெனிஞ்சியோமா, மூளையைச் சுத்தியிருக்கிற உறையில வர்ற கட்டி. கேன்சர் இல்லை, முழுசா எடுத்தாச்சு. "அதான் நல்லபடியா முடிஞ்சுதே"ன்னு வர்றவங்க எல்லாம் சொல்லிட்டுப் போவாங்க, அம்மா தலையாட்டிட்டு உள்ள போயிடுவாங்க. பீரோ கண்ணாடியில துண்டு போட்டு மறைச்சு வெச்சிருந்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை மாட வீதிக்குக் கூட்டிட்டுப் போனேன். பூக்காரம்மா பழைய ஞாபகத்துல ரெண்டு முழம் மல்லி அளந்து நீட்டிட்டாங்க. அம்மா கை தானா பின்னந்தலைக்குப் போச்சு. அங்க ஸ்கார்ஃப். கை அப்படியே நின்னுடுச்சு. ஆட்டோல வீடு வர்ற வரைக்கும் பூவை மடியில பொத்தி வெச்சிருந்தாங்க. நான் ஒரு வார்த்தை பேசாம போனையே பார்த்துட்டு வந்தேன். அதுதான் உறுத்துது.

தாம்பரம் அண்ணன்:
தம்பி, கண்ணாடியை மறைச்சது தப்பு. மறைச்சா, பார்க்கக் கூடாத மாதிரி ஆயிட்டோம்னுதான் அவங்களுக்குத் தோணும்.

என் தம்பிக்கு முன்பக்கம், ஃப்ரான்டல். ராத்திரி ரெண்டு மணிக்கு தோசை கேட்டான், லேட்டாச்சுன்னு தட்டை வீசினான். அதட்டினேன். பிறகுதான் தெரிஞ்சது: மூளை வீக்கத்துக்குக் குடுக்கிற டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு பசியைக் கிளப்பும், தூக்கத்தைக் கெடுக்கும், கோபமும் வரும். வலிப்பு வராம இருக்கக் குடுக்கிற லெவிடிரசிட்டாமும் சில பேருக்கு எரிச்சலைக் குடுக்கும். மாற்றம் தெரிஞ்சா எந்த நாள், எத்தனை மணின்னு எழுதி வெச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க. நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க, ஸ்டீராய்டைப் படிப்படியாத்தான் குறைக்கணும். ஃப்ரான்டல்ல ஆபரேஷன் ஆனவங்க எதுலயும் பிடிப்பில்லாம உட்கார்ந்திருந்தா சோம்பேறித்தனம்னு திட்டாதீங்க, அந்த இடம் பாதிச்சா அப்படியும் ஆகும். ஒரே நாள்ல பத்து சொந்தக்காரங்களை உள்ள விடாதீங்க, சத்தமே அவங்களை அசதியாக்கிடும். பார்த்துக்கிறவங்களுக்கும் மனசு உடையும். மனநல உதவிக்கு அரசாங்கம் நடத்துற போன் லைன் டெலி மானஸ் 14416, காசு கிடையாது, ராத்திரியிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். நான் பேசியிருக்கேன்.

மயிலாப்பூர் பையன்:
அண்ணா, துண்டு போடச் சொன்னதே அம்மாதான். தையல் காயுற வரைக்கும் பார்க்க வேண்டாம்னாங்க. அவங்களே ஒரு நாள் எடுத்தாங்க. மாத்திரை விஷயம் சரி, ஆனா என்னை உறுத்துறது அது இல்லை. அந்த ஆட்டோல என்ன சொல்லியிருக்கணும்?

தாம்பரம் அண்ணன்:
அம்மா சொன்னதுன்னா சரிதான் தம்பி, தெரியாம சொல்லிட்டேன். ஆட்டோ விஷயம்... போனை உள்ள வெச்சிட்டு அவங்க கையைப் பிடிச்சிருந்தாலே போதும்னு தோணுது.

நங்கநல்லூர்க்காரி:
பேச்சுப் பயிற்சி குடுக்கிற பொண்ணு சொல்லிச்சு: "அவரா உங்களைப் பார்த்து உதவி கேக்குற வரைக்கும் வார்த்தையை எடுத்துக் குடுக்காதீங்கம்மா. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க." சொல்றது சுலபம். ஆறு வர்றதுக்குள்ள எனக்குத் தொண்டை அடைச்சுக்கும்.

நேத்து வாசல்ல கீரைக்காரம்மா. என்ன வேணும்னு இவரையே கேட்டாங்க. "மு... மு..."ன்னார். முருங்கைன்னு என் நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. முந்தானையை வாயில வெச்சு அழுத்திக்கிட்டு நின்னேன். அந்தம்மாவும் கூடையை இறக்கி வெச்சிட்டு, அவசரமே இல்லாத மாதிரி இலையில தண்ணி தெளிச்சிட்டு இருந்தாங்க.

"முளைக்கீரை"ன்னார்.