‘மேற்பூச்சு’ வேண்டாம், ‘கலிக்கம்’ என்போம்

குழுவினருக்கு வணக்கம்.

கண்ணில் வரும் ஹேர்ப்பிஸ் வைரஸ் தொற்றுக்கான மருந்துகளை ஒப்பிடும் கட்டுரைக்கு ‘மேற்பூச்சு வைரஸ் எதிர்ப்பு மருந்துகள்’ என்று தலைப்பிட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தின் ‘topical’ என்பதற்கு இட்ட அந்த ‘மேற்பூச்சு’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘கலிக்கம்’ என்று எழுதுங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் நோயாளருக்காக நான் எழுதிய துண்டுப்பிரசுரம் ஒன்றிலும் இதே சொல்தான் இருந்தது. தீவுப்பகுதியிலிருந்து வந்த ஓர் அம்மா அதை எழுத்துக்கூட்டி வாசித்து, அசைக்ளோவிர் களிம்பை மூன்று நாளாக இமையின் வெளித்தோலில் பூசியிருந்தார். இமை எண்ணெய் தடவியதுபோல் மினுங்கியது. கண்ணோ சிவந்து, வெளிச்சம் தாங்காமல் நீர் வடித்துக்கொண்டிருந்தது. கண்ணில் சாயமிட்டு நீல ஒளியில் பார்த்தபோது, கருவிழியை மூடும் தெளிந்த விழிவெண்படலத்தின்மேல் அந்தப் புண் இலையுதிர்ந்த கொப்புப்போலப் பச்சையாகக் கிளைத்திருந்தது. “மேலே பூசச் சொல்லித்தானே பிள்ளை எழுதியிருக்கிறது?” என்று கேட்டார். அவர் சரியாகத்தான் வாசித்திருந்தார்.

இன்னொரு குறையும் உண்டு. கட்டுரை ஒப்பிடும் மருந்துகள் எல்லாமே பூசுபவை அல்ல. ட்ரைஃப்ளூரிடின் 1% துளி மருந்து; விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கொரு தடவை, நாளுக்கு ஒன்பது துளிவரை விட வேண்டும். அசைக்ளோவிர் 3% களிம்பு, கான்சைக்ளோவிர் 0.15% ஜெல், இரண்டும் நாளுக்கு ஐந்து தடவை. 1960களின் தொடக்கத்தில் வந்த ஐடாக்ஸ்யூரிடின்தான் இந்த வழியைத் திறந்தது. ஆனால் அது வைரஸ் புகுந்த உயிரணு, புகாத உயிரணு என்று பாராமல் இரண்டின் மரபுப்பொருளிலும் நுழைந்து, விழிவெண்படலத்தின் மேற்பரப்பையும் புண்படுத்தும். அசைக்ளோவிரோ வைரஸின் நொதி தொட்ட பிறகே வேலை தொடங்கும். நல்ல உயிரணுக்கள் பெரும்பாலும் தப்பிவிடும். புண்ணை ஆற்றுவதில், ஐடாக்ஸ்யூரிடினுக்குப் பின்வந்த மற்ற மூன்றும் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே நோயாளிக்குத் தெரியும் வேறுபாடு பெரும்பாலும் வடிவமும் தடவைக் கணக்குமே. துளி, களிம்பு, ஜெல் மூன்றையும் தழுவும் சொல் இல்லாமல் இந்த ஒப்பீட்டை எழுத முடியாது.

அப்படியொரு சொல்லாக நம் குழுவில் ஐயா ஒருவர் ‘இடுமருந்து’ என்றார். மை இடுகிறோம், பொட்டு இடுகிறோம், அழகான வினைதான். ஆனால் அகராதியில் இடுமருந்து என்றால் வசிய மருந்து. ஊரில் ‘மருந்து போட்டுவிட்டார்கள்’ என்றால் எதை நினைப்பார்கள் என்று சொல்லவே வேண்டியதில்லை.

சித்த மருத்துவத்தில் கண்ணுக்குள் இடும் மருந்துக்குக் கலிக்கம் என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. மூக்குக்கு நசியம்போலக் கண்ணுக்குக் கலிக்கம். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன், வேதியியலைக் ‘கெமிஸ்தம்’ என்று கடன் வாங்கினார்; அறுவை மருத்துவத்துக்கு நம் வைத்தியர்களின் ‘இரணவைத்தியம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார். உள்ளூரில் சொல் இருக்கும் இடத்தில் அதை எடுப்பதுதான் முறை.

கலிக்கம் என்றால் நோயாளி நந்தியாவட்டைச் சாற்றைப் பிழிந்து விட்டுக்கொள்வாரோ என்று குழுவிலுள்ள அக்கா ஒருவர் அஞ்சுகிறார். அந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் தனிச்சொல்லாக விடாமல் ‘வைரஸ் எதிர்ப்புக் கலிக்கம்’, ‘ஸ்டீரொயிட் கலிக்கம்’ என்று அடைகொடுத்தே எழுத வேண்டும் என்கிறேன். கிளைத்த புண்ணில் ஸ்டீரொயிட்டைத் தனியாக விட்டால் புண் பரந்துவிடும். இன்று இரண்டையுமே ‘கண் மருந்து’ என்கிறோம். வீட்டில் மிஞ்சிய போத்தலை எடுத்து விடுகிறவருக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்?

துளிக் கலிக்கம், களிம்புக் கலிக்கம், ஜெல் கலிக்கம் என்று பிரித்துக்கொள்ளலாம். புண்ணுக்குக் ‘கொப்புப்புண்’ என்பது என் விருப்பம். ‘கிளைப்புண்’ என்றாலும் மறுக்க மாட்டேன்.

புதிய பிரசுரத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: “இது வைரஸ் எதிர்ப்புக் கலிக்கம். கீழிமையை மெல்ல இழுத்து, அதன் உட்புறத்தில் இடவும். இமையின் வெளியே பூச வேண்டாம்.” அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இதில் பிசகு தெரிந்தால் சொல்லுங்கள்.