மறு: அவ்லே – தொழுவமா, கொட்டிலா, பட்டியா?

குழுவினருக்கு வணக்கம்.

யோவான் நற்செய்தி 10-ஆம் அதிகாரத்தில், இயேசு தம்மை நல்ல மேய்ப்பன் என்று சொல்லும் பகுதியில், ஆடுகளை அடைக்கும் இடத்துக்கு வரும் ‘அவ்லே’ என்ற கிரேக்கச் சொல்லுக்குத் தமிழில் என்ன வைக்கலாம் என்று இழை தொடங்கி மூன்று நாளாகிறது. தொழுவம், கொட்டில், கிடை, அடைப்பு எல்லாம் வந்துவிட்டன. நான் பட்டி பக்கம். ஏன் என்று கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பழைய மொழிபெயர்ப்பில் ‘ஆட்டுத்தொழுவம்’ என்றுதானே இருக்கிறது? வாசித்துப் பழகிய சொல்லை ஏன் மாற்ற வேண்டும்?

அக்கா, ஆலயத்தில் வாசிப்பதை யாரும் மாற்றச் சொல்லவில்லை. நமக்கு வேண்டியது விளக்கவுரையிலும் தொல்லியல் கட்டுரையிலும் குழப்பமில்லாமல் புழங்க ஒரு சொல். தொழுவம் என்றதும் எனக்குக் கண்ணில் வருவது கூரை, முளைக்குச்சி, தும்பு, மாடு. டிசம்பர் வந்தால் வைக்கோல் பரப்பிய கிறிஸ்துமஸ் குடிலும் சேர்ந்துகொள்கிறது. பிற்காலத்துப் பொதுமொழிபெயர்ப்பு (திருவிவிலியம்) ‘ஆட்டுக் கொட்டில்’ என்கிறது. அதுவும் கூரை போட்ட சொல்தான்.

யோவான் 10:1-ஐப் பாருங்கள். திருடன் வாசல் வழியாக வராமல் வேறு வழியாக ஏறி வருகிறான். ஏறுவதற்குச் சுவர் வேண்டும், இறங்குவதற்கு மேலே வெட்டவெளி வேண்டும். கூரையைப் பிரித்து ஆளை இறக்கியது கப்பர்நகூமில் நடந்த வேறு கதை. அவ்லே என்றால் சுற்றிலும் சுவர் இருந்து மேலே வானம் திறந்த இடம். வீட்டு முற்றத்துக்கும் அதே சொல்தான்.

இதில் ஒரு ருசியான செய்தி உண்டு. யோவான் 18-இல் இயேசுவைக் கட்டிக் கொண்டுபோகிறார்களே, பிரதான ஆசாரியனின் அரண்மனை என்று நம் பழைய மொழிபெயர்ப்பு சொல்லும் இடம், அதுவும் கிரேக்கத்தில் அவ்லேதான். அங்கும் வாசலில் ஒரு காவல் இருக்கிறது. 10-இல் மேய்ப்பனுக்குக் கதவு திறக்கிறவரைக் குறிக்கும் ‘துரோரோஸ்’ என்ற சொல்லே, பேதுருவை உள்ளே விட்ட வேலைக்காரப் பெண்ணுக்கும் வருகிறது. 10-இல் மேய்ப்பன் வந்ததும் காவல் திறக்கிறது. 18-இல் மேய்ப்பன் உள்ளே கட்டுண்டு நிற்கிறார், ஆடு, அதாவது சீடன் பேதுரு, வாசலுக்கு வெளியே முழிக்கிறது. யோவான் இதை நினைத்தே எழுதினாரா என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் கிரேக்கத்தில் வாசிப்பவர் காதில் விழும் இந்த எதிரொலி தமிழில் விழவே விழாது.

அதற்காக ‘ஆட்டு முற்றம்’ என்று சொல்லுக்குச் சொல் வைக்கலாமா என்று ஒருநாள் முழுக்க யோசித்தேன். ஆடு வைத்திருக்கிற யாராவது அப்படிச் சொல்வார்களா? சிரிப்பார்கள். எதிரொலியை அடிக்குறிப்பில் சொல்லிக்கொள்ளலாம்.

> கிடை நல்ல சொல். ஏன் தள்ளுகிறீர்கள்?

தள்ளவில்லை ஐயா, அதற்கு வேறு இடம் வைத்திருக்கிறேன். கிடை இன்று இந்தக் காட்டில், நாளை அடுத்த காட்டில். உரத்துக்காக வயலில் மறிப்பது. சுவரும் இல்லை, கதவும் இல்லை. ஆளும் நாயும்தான் காவல். லூக்கா 2:8-இல் பெத்லகேம் மேய்ப்பர்கள் வயல்வெளியில் தங்கி இரவில் மந்தையைக் காத்தார்கள் என்று வருகிறதல்லவா, அங்கே கிரேக்க வினை ‘அக்ராவ்லெயோ’. ‘அக்ரோஸ்’ என்றால் வயல். பின்பாதியில் நம் அவ்லேதான் ஒளிந்திருக்கிறது. வயலையே முற்றமாக்கித் தங்குவது. கிடைகாவல் என்று சொன்னால் எந்தக் கிடைக்காரருக்கும் விளக்கம் தேவைப்படாது. ஆக, லூக்காவுக்குக் கிடை, யோவானுக்குப் பட்டி.

தாராபுரம் பக்கம் என் உறவினர் ஒருவரின் பட்டியில் ஒரு விடியற்காலை நின்றிருக்கிறேன். சுற்றிலும் கிளுவை வேலி, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு வழி, அதில் மூங்கில் படல். படலை முழுதாகத் திறக்கவில்லை. காலால் அணைகொடுத்துக்கொண்டு ஒன்று இரண்டாக வெளியே விட்டு, முதுகைத் தொட்டுத் தொட்டு எண்ணினார். எண்ணுகிறவனுடைய கைக்குக் கீழாக ஆடுகள் மறுபடி கடந்துபோகும் என்று எரேமியா 33:13 சொல்வது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. வாசல் குறுகலாக இருப்பது திருடனுக்காக மட்டும் அல்ல, எண்ணுவதற்காகவும்தான்.

> பட்டியில் அடைப்பது என்றால் தண்டனை அல்லவா? பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கும் இடம். மீட்பின் உருவகத்துக்கு இது பொருந்துமா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். சங்கீதம் 78:70-இல் தாவீதை எங்கிருந்து எடுத்தார் என்று பாருங்கள். எபிரெயத்தில் ‘மிக்லா’, அதன் பன்மை. அடைத்து வைத்தல், தடுத்தல் என்ற வேரிலிருந்து வருவது. சிறைச்சாலைக்கு எபிரெயச் சொல் ‘பேத் கெலே’. அதுவும் அதே வேர்தான். எனவே பட்டிக்குள் கொஞ்சம் சிறைவாடை அடிப்பது மூலத்துக்கு விரோதமில்லை. யோவான் 10-இலும் நல்ல மேய்ப்பன் முதலில் செய்வது ஆடுகளைப் பேர் சொல்லி வெளியே நடத்துவதுதான். பட்டி இரவுக்கு, மேய்ச்சல் வெளியே. பட்டியையே பரலோகமாக்கிப் பிரசங்கம் செய்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை என்பது என் பழைய குறை.

எபிரெயத்தில் இன்னொரு சொல் ‘கெதேரா’. கல் அடுக்கிக் கட்டிய அடைப்பு. எண்ணாகமம் 32-இல் ரூபன், காத் என்ற இரண்டு இஸ்ரவேல் கோத்திரத்தார் யோர்தானுக்குக் கிழக்கே தங்கிவிடக் கேட்கும்போது, ஆடுகளுக்குக் கெதேராக்கள் கட்டுவோம், பிள்ளைகளுக்குப் பட்டணங்கள் கட்டுவோம் என்கிறார்கள். மோசே திருப்பிச் சொல்லும்போது வரிசையைச் சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறார்: முதலில் பிள்ளைகள், அப்புறம் ஆடுகள். யோசுவா 15-இல் யூதாவின் ஊர்ப்பட்டியலில் கெதேரா, கெதெரோத் என்றே ஊர்கள் வருகின்றன. 1884-இல் உருவான கெதேரா என்ற ஊர் இன்றும் இஸ்ரேலில் இருக்கிறது. அடைப்பின் பெயரே ஊரின் பெயர். பட்டி என்று முடியும் நம் ஊர்கள் எத்தனை! எல்லாமே ஆட்டுப்பட்டியில் பிறந்தவை என்று சொல்லமாட்டேன், ஆனாலும் அடைப்பையும் ஊரையும் ஒரே சொல்லால் சுட்டும் பழக்கம் நமக்கும் உண்டு. தொழுவத்தையோ கொட்டிலையோ வைத்து இதைச் சொல்ல முடியாது.

இனி முக்கியமானது. யோவான் 10:16-இல் இரண்டு சொற்கள் உள்ளன. “இந்த அவ்லேயைச் சேராத வேறு ஆடுகளும் எனக்கு உண்டு” என்று தொடங்கி, ஒரே ‘போய்ம்னே’, ஒரே மேய்ப்பன் என்று முடிகிறது. போய்ம்னே என்றால் மந்தை. ஜெரோமின் பழைய லத்தீன் மொழிபெயர்ப்பு இரண்டுக்கும் ‘ஒவிலே’ என்று ஒரே சொல்லைப் போட்டுவிட்டது. ஒவிலே என்றால் பட்டி. ஒரே மந்தை ஒரே பட்டியாகிவிட்டது! 1302-இல் போப் எட்டாம் போனிபாஸ் தம் ஆணையில் ஒரே ஒவிலே, ஒரே மேய்ப்பன் என்றுதான் எடுத்துக்காட்டினார். போப்புக்குக் கீழ்ப்படியாதவருக்கு மீட்பில்லை என்று முடியும் ஆணை அது. 1611 ஆங்கில மொழிபெயர்ப்பும் பட்டி என்றே போட்டது. 1881-இல் திருத்தியபோதுதான் மந்தை ஆனது. மந்தை என்றால் மேய்ப்பனைச் சுற்றிச் சேர்வது, பட்டி என்றால் சுவரைச் சுற்றிச் சேர்வது. எத்தனை பட்டியிலிருந்து வந்தாலும் மந்தை ஒன்றாக இருக்கலாம். ‘இந்தப் பட்டி’ இஸ்ரவேல், ‘வேறு ஆடுகள்’ புறவினத்தார் என்பதே பெரும்பான்மை விளக்கம். நம் இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளும் 10:16-இன் முடிவில் மந்தை என்றே சரியாகப் போட்டிருக்கின்றன. அந்த வகையில் தப்பித்தோம்.

ஒரு எச்சரிக்கை. மேய்ப்பனே வாசலில் குறுக்கே படுத்துக்கொள்வான், அதனால்தான் “நானே வாசல்” என்றார் என்ற பிரசங்கக் கதையைக் கலைச்சொல் விளக்கத்துக்குள் கொண்டுவர வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 10:3-இல் கதவும் உண்டு, திறக்கத் தனி ஆளும் உண்டு. முதல் ஐந்து வசனத்தில் அவர் மேய்ப்பன், ஏழாம் வசனத்தில் அவரே வாசல். உருவகம் மாறுகிறது, அவ்வளவுதான்.

ஆகவே என் முன்மொழிவு: அவ்லே (யோவான் 10), மிக்லா – பட்டி. கெதேரா – கற்பட்டி. போய்ம்னே – மந்தை, எந்த இடத்திலும் மாற்றாமல். லூக்கா 2:8 – கிடைகாவல். துரோரோஸ் – வாயில் காப்பவர். 18-இல் வருபவர் பெண் என்பதால் ‘காவற்காரன்’ கூடாது.

நியாயாதிபதிகள் 5:16-இல் ரூபன் கோத்திரம் போருக்கு வராமல் எதன் நடுவே உட்கார்ந்திருந்தது என்ற சிக்கலைத் தொடவில்லை. தொழுவங்களா, அடுப்புக் கற்களா, கழுதைப் பொதிகளா என்று அறிஞர்களே அடித்துக்கொள்கிறார்கள். அதற்குத் தனி இழை தொடங்கலாம். இதில் கலந்தால் பட்டியும் போய்விடும்.