குத்துச்சண்டையில், வெல்ட்டர்வெயிட்டில் (147 பவுண்டு வரை) ஒருவர் மேலே வருவது எப்படி? 20-0 (20 வெற்றி, தோல்வியே இல்லை) ரெக்கார்டை எப்படிப் படிக்கணும்?

வளையம்147

கிராஃபோர்டும் ஸ்பென்ஸும் ஒரே எடையில் உச்சிக்கு வந்தவங்க, ஆனா வந்த வழி வேற வேற. டெரன்ஸ் கிராஃபோர்ட் 2008 மார்ச்சில் ப்ரோ ஆனார். 2014 மார்ச்சில் கிளாஸ்கோ போய் ரிக்கி பர்ன்ஸிடமிருந்து லைட்வெயிட் (135 பவுண்டு) பெல்ட், அதாவது பட்டம், வாங்கினார், 147 பவுண்டில் பெல்ட் கிடைச்சது 2018 ஜூனில்தான். எரல் ஸ்பென்ஸ் லண்டன் ஒலிம்பிக்ஸ் முடிஞ்சு 2012 நவம்பரில் ப்ரோ ஆனவர், 2017 மே மாதமே ஐபிஎஃப் (பட்டம் தர்ற நாலு அமைப்பில் ஒண்ணு) சாம்பியன்.

இந்த வேகத்தை யார் முடிவு பண்றாங்க? இன்னொண்ணு: 20-0, 17 நாக்கவுட்னு வர்ற ஒருத்தர் திடீர்னு ஒரு 10 ரவுண்டு ஃபைட்டில் மாட்டிக்கிறார். அது ரெக்கார்டைப் பார்த்தா முன்னாடியே தெரியாதா?

மூலை_ஸ்டூல்

முடிவு பண்றது மேட்ச்மேக்கர். ப்ரமோட்டர் பணம் போடுவார், எதிரே யாரை நிறுத்தணும்னு சொல்றது மேட்ச்மேக்கர்தான். ஒலிம்பிக்ஸ் வரை போனவருக்குப் பாதிப் பாடம் அமெச்சூரிலேயே முடிஞ்சிருக்கும், அதனால சீக்கிரம் தள்ளுவாங்க.

வழக்கமா முதல் 5, 6 ஃபைட் 4 ரவுண்டு. பிறகு சில 6 ரவுண்டு. பத்து ஃபைட் தாண்டினதும் 8, பதினைந்தை ஒட்டி 10. பட்டத்துக்கு 12. ஆனா ரவுண்டைக் கூட்டுறது சின்ன வேலை. எதிராளியோட வகையை மாத்திக்கிட்டே போறதுதான் உண்மையான பயிற்சி. முதல்ல தோற்கவே வர்ற, ஆனா லேசில் விழாத ஜர்னிமேன். 10 வெற்றி, 30 தோல்வின்னு இருப்பார், கிளின்ச் (எதிராளியைக் கட்டிப் பிடிச்சு அடியைத் தடுக்கிறது) பிடிக்கவும் தோளை வைச்சுச் சாயவும் நேரம் ஓட்டவும் அவருக்குத் தெரியாத வித்தை இல்லை. அடுத்து உயரமான சவுத்பா (வலது கையை முன்னே வைச்சு நிற்கிற இடதுகைக்காரர்). அடுத்து விடாம உள்ளே நுழையற பிரஷர் ஃபைட்டர். அதுக்கப்புறம் கை கனமா இருக்கிற, தாடை அவ்வளவு உறுதியில்லாத பஞ்சர். கடைசியில் வேகம் குறைஞ்சுபோன முன்னாள் சாம்பியன். இதில் ஏதாவது ஒரு வகையைப் பார்க்காமலே மேலே ஏறினவர்தான் நீங்க சொல்ற 20-0.

ரெக்கார்டில் நாக்கவுட் எண்ணிக்கையை ஓரமா வைங்க. மொத்தம் எத்தனை ரவுண்டு ஆடியிருக்கார்னு கூட்டிப் பாருங்க. 20 ஃபைட்டில் 50 ரவுண்டுதான்னா, ஆள் 7-ஆவது ரவுண்டைப் பார்த்ததே அபூர்வம். அடுத்து ஒவ்வொரு எதிராளியோட கடைசி 5 ஃபைட். 135-ல் ஆடினவரை 147-க்குத் தூக்கிட்டு வந்தாங்களா? ஒரு வருஷத்துக்கு மேல் சும்மா இருந்தவரா? முன்னாடியே மூணு தடவை நாக்கவுட் ஆனவரா? அப்படின்னா அந்த வெற்றியால அவர் கத்துக்கிட்டது ஒண்ணுமில்லை.

மாட்டிக்கிறது எப்படி நடக்குதுன்னா, முதல் ரவுண்டில் ஜாப் (முன் கையால் நேரா குத்துறது) போட்ட கை நேரா கன்னத்துக்குத் திரும்பும். களைச்சதும் அதே கை மார்பு உயரத்தில் தாழ்ந்து திரும்பும். அனுபவசாலி முதல் 4 ரவுண்டு உடம்பிலேயே அடிக்கிறது இந்த நேரம் வரணும்னுதான். வந்ததும் அந்தக் கைக்கு மேலே வலது கையை விடுவார்.

கிராஃபோர்ட் விஷயத்தில் திருப்பம் 2013 மார்ச். பிரெய்டிஸ் பிரெஸ்காட்டோடு மோத வேண்டியவர் விலகினதும், குறுகிய அவகாசத்தில் ஒரு பிரிவு மேலே 140-ல் ஏறி, 10 ரவுண்டும் ஆடிப் பாயின்ட்டில் ஜெயிச்சார். இந்த பிரெஸ்காட் 2008-ல் அமீர் கானை முதல் ரவுண்டிலேயே முடிச்சவர். ஒரே வருஷத்தில் பர்ன்ஸ் ஃபைட் வந்தது.

தராசுமுள்

எடையை யாரும் தொடலையே. 147-ல் வளர்ற பாதிப் பேரை நிறுத்தறது எதிராளி இல்லை, தராசு.

147 பவுண்டுன்னா 66.7 கிலோ. பல பேர் கேம்ப் (ஃபைட்டுக்கு முந்தின பயிற்சிக் காலம்) தொடங்கும்போது 160-க்கு மேல் இருப்பாங்க. 8 முதல் 10 வாரம் கேம்ப், வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ கொழுப்பு குறையணும். கடைசி 3 கிலோ தண்ணீர். எடை பார்க்க 2 நாள் இருக்கும்போதே நார்ச்சத்தைக் குறைச்சுடுவாங்க, குடலில் தங்குற எடை மட்டுமே அரை கிலோ வரும். கேம்ப்பில் குறைக்கத் தவறினதை எல்லாம் கடைசி வாரம் சானாவில் இறக்கப் பார்க்கிறவர்தான் மாட்டுவார். தராசில் 147 காட்டும், 7-ஆவது ரவுண்டில் கால் நகராது. உடம்பில் நீர் குறைஞ்ச நிலையில் தலையில் அடி வாங்குறது வேற ஆபத்து.

எடை பார்த்த பிறகு, இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர், உப்பும் சர்க்கரையும் கலந்து. முதல்ல 600 மில்லி, அப்புறம் 15-20 நிமிஷத்துக்கு ஒரு தடவை 200 மில்லி. வெறும் தண்ணியை மடமடன்னு குடிச்சா சிறுநீரா போயிடும், உடம்பில் நிக்காது. ட்ரிப் ஏத்திக்கலாம்னு நினைக்காதீங்க. வாடா (உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு) விதிப்படி, ஆஸ்பத்திரி சிகிச்சை போன்ற விதிவிலக்கு இல்லாம 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் நரம்பு வழியா ஏத்தினா ஊக்கமருந்துக் குற்றம்.

ஐபிஎஃப் பட்டத்துக்கு இன்னொரு கண்டம் இருக்கு. ஃபைட் அன்னிக்குக் காலையில் மறுபடி தராசு, 10 பவுண்டுக்கு மேல் ஏறியிருக்கக் கூடாது. அதாவது 157. ராத்திரி 165 வரை ஏத்திக்கிட்டுப் பழகினவருக்கு இந்த பெல்ட் ஒத்து வராது. டபிள்யூபிசிங்கிற இன்னொரு அமைப்பில் 30 நாளுக்கு முன்னாடி பார்க்கிற எடை வரம்பைவிட 10 சதவீதத்துக்குள் இருக்கணும், 147-க்கு அது 161.7.

மேலே 154-க்குப் போனா எடை மட்டும் மாறாது. 147 வரை 8 அவுன்ஸ் கையுறை, அதுக்கு மேல் 10. கார்டு போட்டு, அதாவது கையை உயர்த்தி முகத்தை மறைச்சு, நிற்கிறவருக்குச் சாதகம், கூர்மையா ஒத்தை அடி போடுறவருக்கு நஷ்டம்.

வளையம்147

ரவுண்டு கணக்கு சூப்பர், இனி அப்படித்தான் பார்ப்பேன். ஸ்பென்ஸ் 2017-ல் அப்போதைய ஐபிஎஃப் சாம்பியன் கெல் புரூக்குக்கு எதிரே எப்படிப் போய் நின்னார்? புரூக் ஏன் ஒத்துக்கிட்டார்?

பெல்ட்கணக்கு

ஒத்துக்கலைன்னா பெல்ட் போயிடும். ஒவ்வொரு அமைப்பும் முதல் 15 பேரை வரிசைப்படுத்தும். ஐபிஎஃப் முதல் இரண்டு இடத்தைக் காலியாவே வைச்சிருக்கும், எலிமினேட்டர் (தகுதிக்கான ஃபைட்) ஜெயிச்சாத்தான் அங்கே உட்கார முடியும். ஸ்பென்ஸ் 2016 ஆகஸ்டில் லியனார்ட் புண்டுவை 6-ஆவது ரவுண்டில் முடிச்சு அந்த இடத்துக்கு வந்தார், அதாவது கட்டாய சேலஞ்சர். இரண்டு தரப்பும் பேசி முடிக்கலைன்னா ஏலம் விடுவாங்க, அதிகம் கேட்டவருக்கே ஃபைட்டை நடத்துற உரிமை.

நேரத்தையும் பாருங்க. புரூக் 2016 செப்டம்பரில் 160 பவுண்டுக்கு ஏறி கொலோவ்கினிடம் தோற்று, கண் குழி எலும்பு உடைஞ்சவர். அங்கிருந்து 13 பவுண்டு இறங்கி வந்து ஸ்பென்ஸோடு மோதினார். சொந்த ஊர் ஷெஃபீல்டில்தான் ஃபைட், ஆனா இன்னொரு கண்ணின் எலும்பு உடைஞ்சு 11-ஆவது ரவுண்டில் முட்டி போட்டுட்டார். ஸ்பென்ஸ் திறமைசாலிதான், சந்தேகமே இல்லை. அதோட நேரமும் அவர் பக்கம் இருந்தது.

கிராஃபோர்டுக்கு 2018-ல் கிடைச்ச ஜெஃப் ஹார்னும் அப்படித்தான். அதுக்கு முந்தின வருஷம் பிரிஸ்பேனில் பக்கியாவோவை ஜெயிச்சு டபிள்யூபிஓ (இன்னொரு அமைப்பு) பெல்ட் வாங்கினவர், கிராஃபோர்ட் 9-ஆவது ரவுண்டில் நிறுத்தினார். ஆனா அடுத்த 5 வருஷம் பெரிய ஃபைட் சரியா அமையலை. ஸ்பென்ஸ் உட்பட 147-ல் பெரிய பெயர்கள் பல பேர் வேற ப்ரமோட்டர் முகாமில் இருந்தாங்க. அவங்க இரண்டு பேரும் மோதினது 2023 ஜூலை 29-ல்தான்: 2-ஆவது ரவுண்டில் ஒரு தடவை, 7-ஆவதில் இரண்டு தடவை ஸ்பென்ஸ் விழுந்தார், 9-ல் நிறுத்தினாங்க. நாலு பெல்ட்டும் ஒரே கையில். நவம்பரிலேயே ஐபிஎஃப் தன்னோடதை ஜாரன் என்னிஸுக்குக் கொடுத்துட்டது. நாலு அமைப்புக்கும் தனித்தனி கட்டாய சேலஞ்சர் இருக்கும்போது நாலையும் ஒருத்தர் நீண்ட நாள் வைச்சிருக்கவே முடியாது.

மூலை_ஸ்டூல்

பணக் கணக்கும் ஒரு வரி. பட்டத்து ஃபைட்டில் பர்ஸ் (ஃபைட்டுக்குக் கிடைக்கிற பணம்) 100 என்றால் அமைப்புக்கு ஏறக்குறைய 3, ட்ரெய்னருக்கு 10, மேனேஜருக்கு 33 வரை போகலாம். கட்மேன் (ஃபைட் நடுவில் வெட்டுக் காயத்தைக் கவனிக்கிறவர்), ஸ்பாரிங் பார்ட்னர் (பயிற்சியில் எதிரே நிற்கிறவர்), மருத்துவப் பரிசோதனை எல்லாம் மீதியில்தான், வரி அதுக்கப்புறம்.

அமெரிக்காவில் 2000-ல் வந்த அலி சட்டப்படி 10 ரவுண்டும் அதுக்கு மேலும் ஆடுறவருக்கு ஒருத்தரே ப்ரமோட்டராவும் மேனேஜராவும் இருக்க முடியாது. 4 ரவுண்டு, 6 ரவுண்டு ஆடுற பையனுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, அவன்தான் அவசரமா கையெழுத்துப் போடுறவன். வருஷத்துக்கு எத்தனை ஃபைட் உறுதி, 6, 8, 10 ரவுண்டுக்குக் குறைஞ்சபட்ச பர்ஸ் எவ்வளவு, காயம்பட்டு உட்கார்ந்தா அந்த மாசங்கள் ஒப்பந்தக் காலத்தோடு கூடுமா, பெல்ட் ஜெயிச்சா ஒப்பந்தம் தானா நீளுமா: இந்த நாலும் தாளில் எழுதியிருக்கணும். காயக் காலத்தைச் சேர்க்கிற வரியைத்தான் அதிகம் பேர் படிக்காம விடுறாங்க. கை எலும்பு இரண்டு தடவை உடைஞ்சா 3 வருஷ ஒப்பந்தம் 4 வருஷத்தைத் தாண்டிடும்.