மின்விசிறியின் கண்டென்சரை நாமே மாற்றலாமா?

தணிகைவாசி:
மெதுவாகச் சுழலும் மின்விசிறிக்கு ஆளைக் கூப்பிட்டே தீரவேண்டும் என்ற எண்ணம் நம்மிடம் எப்போது வேரூன்றியது? ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தும் காற்று வரவில்லை, இறக்கையைக் கையால் தள்ளிவிட்டால்தான் ஓடுகிறது என்றால், பெரும்பாலும் பழுது கண்டென்சரில்தான் இருக்கும். வீட்டுக்கு வரும் ஒற்றை ஃபேஸ் மின்சாரத்தில் மோட்டார் தானாகச் சுழலத் தொடங்க வேண்டுமானால், அதன் உள்ளே இருக்கும் இரண்டு கம்பிச்சுருள்களில் ஸ்டார்ட்டிங் சுருளின் மின்னோட்டம் ரன்னிங் சுருளினுடையதைவிடச் சற்று முந்தி நிற்க வேண்டும். அந்த முந்தலை உண்டாக்குவது, பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் என்று அச்சிடப்பட்ட அந்தச் சிறு பெட்டி. காலப்போக்கில் அதன் திறன் குன்ற, விசிறியும் தளர்கிறது. அதே அளவில் புதியதை வாங்கி, பழைய இணைப்பைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு மாற்றினால் வேலை முடிந்தது. இதில் எனக்கு நிறைவு தருவது மிச்சமாகும் கூலி அன்று. பழுதின் காரணம் இதுதான் என்று நாம் ஊகித்ததை, விசிறியே சுழன்று ஒப்புக்கொள்கிறதே, அந்த நொடிதான்.

கம்பிக்காரன்:
ஐயா, காரணத்தைப் பிழையின்றிச் சொன்னீர்கள். உயிரைக் காக்கும் வரியைத்தான் விட்டுவிட்டீர்கள். நான் உரிமம் பெற்ற வயர்மேன். "மெயினை அணைத்துவிட்டேன்" என்ற நம்பிக்கையோடு ஏணியில் ஏறுகிறவர்களைக் கண்டால்தான் எனக்கு அச்சம். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்தால், மின்தடை வந்துவிட்டதாக எண்ணி இன்வெர்ட்டர் உடனே விளக்குக்கும் விசிறிக்கும் மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிடும். அந்தக் கம்பியிலும் அதே 230 வோல்ட்தான். சுவிட்சை மட்டும் அணைப்பவர்களின் நிலை இன்னும் மோசம். பழைய வீடுகள் சிலவற்றில் சுவிட்ச், மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியில் இல்லாமல் அது திரும்பிச் செல்லும் நியூட்ரலில் இருக்கும். விசிறி நின்றிருக்கும், ஆனால் அதன் உள்ளே மின்சாரம் காத்திருக்கும். மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதே என்பார்கள். நிலத்துக்குக் கசியும் மின்சாரத்தைத்தான் அது கண்டுபிடிக்கும். ஒரு கையில் ஃபேஸும் மறு கையில் நியூட்ரலும் பட்டு, கசிவு ஏதும் இல்லாவிட்டால், உங்கள் உடலை அது இன்னொரு விளக்கு என்றே நினைக்கும். நிறைவு வேண்டுமென்றால் தோட்டம் போடுங்கள். போதாக்குறைக்கு, உரிமம் இல்லாதவர் மின்வேலை செய்வதைச் சட்டமும் ஏற்பதில்லை.

மல்லிகைப்பந்தல்:
அண்ணா, உங்கள் எச்சரிக்கையை மதிக்கிறேன், ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். குழாய் சொட்டுகிறது என்று கூப்பிட்டால் எத்தனை பேர் வருகிறார்கள்? சின்ன வேலை என்று தட்டிக்கழிக்கிறார்கள், வந்தால் முழுக் குழாயையும் மாற்றச் சொல்கிறார்கள். பழைய திருகுக் குழாயில் தேய்ந்திருப்பது ஒரு ரப்பர் வாசர். கால் திருப்பில் திறக்கும் புதிய குழாயில் தேய்வது பீங்கான் தட்டுகள் கொண்ட ஸ்பிண்டில். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு படிந்து அந்தத் தட்டுகள் விரைவில் கெடுகின்றன. வால்வை மூடி, குழாயில் மீதமிருக்கும் நீரை வடித்துவிட்டு, ஸ்பிண்டிலைக் கழற்றி, அதையே கடைக்கு எடுத்துச் சென்று அதன் முனையில் உள்ள அதே பல் எண்ணிக்கையில் இன்னொன்று கேட்டால் போதும். தனியாக வாழும் பெண்ணுக்கு இது பொழுதுபோக்கு இல்லை. முன்பின் தெரியாத ஒருவருக்காக நாள் முழுவதும் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம் என்பதே எனக்கு நிறைவு.

தணிகைவாசி:
கம்பிக்காரரே, இன்வெர்ட்டரைப் பற்றி நீங்கள் எழுதியது இந்தப் பக்கத்தின் தலையில் இருக்க வேண்டிய செய்தி, மறுக்கவில்லை. சட்டத்தைப் பற்றிச் சொன்னதுதான் பாதி உண்மை. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45ஆவது விதி, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர்தான் மின்வேலை செய்ய வேண்டும் என்று கூறிய அதே மூச்சில், விளக்கு, விசிறி, ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை அவற்றின் திறனும் தன்மையும் மாறாதபடி மாற்றுவதற்கு விலக்கு அளித்தது. மத்திய மின்சார ஆணையம் 2010இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைகளிலும் அந்த விலக்கு தொடர்ந்தது. சட்டம் எழுதியவர்கள் சாதாரண மனிதரை நம்பிய அளவுக்குக்கூட நீங்கள் நம்ப மறுக்கிறீர்கள்.

கம்பிக்காரன்:
விலக்கு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "திறனும் தன்மையும் மாறாதபடி" என்ற சொற்களில்தான் எல்லாமே இருக்கிறது. 2.5 போட்ட இடத்தில் "காற்று கூடட்டும்" என்று 4 போடுகிறவர்கள் உண்டு. சுருள் சூடாகி மோட்டாரே போய்விடும். அறைக்கு வந்த 1 சதுர மில்லிமீட்டர் மெல்லிய கம்பியில், நிறைய மின்சாரம் இழுக்கும் கீசரைக் கோத்தவரும் "நானே செய்தேன்" என்றுதான் மகிழ்ந்திருப்பார். தங்கச்சி சொன்ன குழாய் வேலைக்கு நான் எதிரி இல்லை. அங்கே தவறினால் தரைதான் நனையும்.

தணிகைவாசி:
அப்படியானால் நம் பிணக்கு மிகவும் சிறியது. இருந்ததைப் போலவே ஒன்றை மாற்றலாம், புதிதாக எதையும் கோக்கக் கூடாது என்ற கோட்டை நானும் ஏற்கிறேன். மின்சாரம் உள்ள சாக்கெட்டில் டெஸ்டரை முதலில் சோதித்துவிட்டு, மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, பிறகு அதை விசிறியின் கம்பிகள் ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்க்கிறவருக்குக் கண்டென்சரை மறுப்பதை மட்டும் ஏற்கமாட்டேன். இந்த வாய்ப்பும் நெடுநாள் இருக்காது போலிருக்கிறது. இப்போது வரும், மின்னணுப் பலகையால் இயங்கும் பிஎல்டிசி விசிறிகள் ஏறத்தாழ 30 வாட்டில் ஓடுகின்றன, பழையவை 75 வாட் வரை இழுத்தன, சிக்கனம்தான். ஆனால் அவற்றில் கெடுவது அந்தப் பலகை. அதைக் கழற்றிப் பார்த்தால் எனக்கு ஒன்றும் விளங்குவதில்லை.

கம்பிக்காரன்:
எனக்கும் அதில் வேலை இல்லை ஐயா. பலகையையே மாற்றச் சொல்லி நிறுவனத்துக்குத்தான் அனுப்புகிறேன்.