அவர் நீட்டிய அந்த ஒரு பக்கம்

என் கணவருக்குச் சண்டை வந்தால் வாயே திறக்காது. அந்த மௌனம்தான் எனக்கு எரிச்சலைக் கிளப்பும். நோட்டில் ஏதோ எழுதுவார், அலுவலகக் கணக்காக இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒருமுறை பெரிய வாக்குவாதத்துக்கு மறுநாள், அதில் ஒரு பக்கத்தை விரித்து, "இதை மட்டும் படி" என்று கொடுத்தார்.

ஒரு வரியைத் தாள் கிழியும் அளவுக்கு அடித்திருந்தார். கீழே அதையே மறுபடி எழுதியிருந்தார்: "அவள் குரல் உயர்ந்தால் எனக்கு அப்பாவின் குரல் கேட்கிறது. சின்னப் பையனாகிவிடுகிறேன்."

அதற்கும் கீழே, நான் தூக்கத்தில் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொள்வேன் என்று இருந்தது. எனக்கே தெரியாத விஷயம்! பேசும்போது எதிரில் இருப்பவர் முகம் மாறினாலே பாதியை விழுங்கிவிடுகிறோம். எழுதும்போது அந்தத் தடை இல்லை.

இப்போது கோபம் வந்தால் உட்கார்ந்து பேசுகிறேன். நின்றால் குரல் தானாக ஏறிவிடும். அவரும் "கொஞ்ச நேரம் கொடு" என்று வாய்விட்டுச் சொல்கிறார்.

* * *

உங்கள் கணவர் அந்தப் பக்கத்தை அவராகவே கொடுத்தார் பாருங்கள், அதுதான் முக்கியம். அதுவும் ஒரே ஒரு பக்கம். ரஷ்ய எழுத்தாளர் டால்ஸ்டாய் 1862-இல் கல்யாணத்துக்கு முன் தன் பழைய டைரிகளைச் சோஃபியாவிடம் படிக்கக் கொடுத்தார். மணப்பெண்ணுக்கு அப்போது வயது 18. அவருடைய பழைய உறவுகளையெல்லாம் அதில் படித்த வலியைச் சோஃபியா பிறகு தன் டைரியில் எழுதினார். உண்மைதான் என்றாலும், கேட்பவர் தாங்கவேண்டாமா? நானும் என் மனைவியும் தனித்தனியாக எழுதுகிறோம். நோட்டு திறந்தே கிடந்தாலும் மற்றவர் தொடுவதில்லை.

* * *

நான் எழுதுவதைக் கணவரிடம் காட்டுவதே இல்லை. ஆனாலும் மாற்றம் தெரிகிறது. ஸ்லாட்சர், பென்னிபேக்கர் என்ற உளவியலாளர்கள் 86 காதல் ஜோடிகளை வைத்துச் செய்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. ஜோடியில் ஒருவர் மட்டும் 3 நாள், தினம் 20 நிமிடம் எழுதினார். சிலர் தங்கள் உறவைப் பற்றி, மற்றவர்கள் அன்றாட வேலைகளைப் பற்றி. 3 மாதம் கழித்துப் பார்த்தால், உறவைப் பற்றி எழுதியவர்களில்தான் அதிகம் பேர் சேர்ந்திருந்தார்கள். ஜோடிகள் அனுப்பிக்கொண்ட செய்திகளிலும் உணர்வைச் சொல்லும் சொற்கள் கூடியிருந்தன.

எனக்கும் அப்படித்தான். "சாப்பிட்டீங்களா" என்று மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தவள், "நேற்று நீங்க பேசாம போனது கஷ்டமா இருந்தது" என்று அனுப்ப ஆரம்பித்தேன். அவரும் இப்போதெல்லாம் ஒற்றைச் சொல்லில் பதில் போடுவதில்லை.